கோச்சிக்கு ஒரு வாய்

"பிள்ளை சாப்பிடுதில்லை" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், எனக்கு இருக்கை கொள்ளாது. கலியாண வீடாக இருக்கட்டும், செத்த வீடாக இருக்கட்டும், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் தேர்வடம் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரமாகவே இருக்கட்டும், அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தத் தாய் தகப்பனுக்கு முன்னால் நின்றுவிடுவேன். "அவர் தொடங்கிட்டார்" என்று மனைவி தலையில் கை வைப்பாள். வைக்கட்டும். இந்த விஷயத்தில் லண்டன் மாநகரில் என்னைவிட அடிபட்டவன் ஒருவன் இருந்தால் முன்னுக்கு வரட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் வெம்பிளியில், ஒரு குஜராத்திக்காரரின் பலசரக்குக் கடைக்கு மேலே சின்ன ஃபிளாட் ஒன்றில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், மனைவி, இரண்டரை வயது மகள். எனக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். மனைவிக்கு நகரத்தின் நடுவில் ஓர் அலுவலகக் கன்டீனில் பகல் வேலை. காலையில் நான் வீட்டுக்குள் நுழைவேன், அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போவாள். மாலையில் அவள் நுழைவாள், நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போவேன். எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் அந்தக் கதவடியில்தான் நடந்தது. "சோறு அடுப்பிலை இருக்கு", "பால் முடிஞ்சுது", "பிள்ளைக்கு மூக்கோடுது." நாங்கள் கதைத்த காதல் வசனங்கள் இவ்வளவுதான். பிள்ளையைக் கை மாற்றும்போது விரலோடு விரல் பட்டால் அது அன்றைய விசேஷம்.

ஆக, பகலில் பிள்ளை வளர்ப்பது என் பொறுப்பு. எங்கள் ஊர் ஆண்களில் யார் அப்போது பிள்ளைக்குச் சோறு குழைத்தார்கள்? ஷிப்ட் மாறும்போது வேலையிடத்தில் கேலி பறக்கும். "அண்ணை, இண்டைக்கு எத்தினை வாய் போச்சுது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் விடமாட்டேன். "உங்களுக்குப் பிள்ளை பிறக்கட்டும், வந்து என்ரை காலிலை விழுவியள்" என்பேன். பிற்காலத்தில் சிலர் விழவும் செய்தார்கள்.

மகள் மற்ற எல்லாவற்றிலும் சூரப்புலி. ஓடுவாள், பாடுவாள், சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட கடதாசியை நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரிப்பாள், கீழ்க் கடைக்காரரோடு குஜராத்தியில் இரண்டு சொல் கதைப்பாள். சாப்பாடு என்றால் மட்டும் வாய்க்குப் பூட்டு. பருப்பும் கரட்டும் போட்டு, உறைப்பு ஒரு துளியும் இல்லாமல் களி போல மசித்த சோற்றை நான் கிண்ணத்தில் எடுத்து வரும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். பிடித்து ஒரு வாய் வைத்தால் அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இராது. நான் களைக்கும்வரை அப்படியே வைத்திருப்பாள்.

ஒரு நாள், எப்படி நடந்தது என்று இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது, அவளை அடுப்புக்குப் பக்கத்துக் குசினி ஜன்னல் விளிம்பில் இருத்திவைத்து மன்றாடிக்கொண்டிருந்தேன். எங்கள் குசினிக்குப் பின்னால் ரயில் பாதைகள். கடகடவென்று ஒரு ரயில் போயிற்று. "ஆ! கோச்சி!" என்று அவள் வாய் பிளந்தாள். ரயிலுக்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்லும் சொல் கோச்சி. மனைவி சொல்லிக் கொடுத்திருந்தாள். திறந்த வாய்க்குள் என் விரல்கள் தாமாகவே சோற்றைத் தள்ளிவிட்டன. அவள் விழுங்கிவிட்டாள்! ரயிலைப் பார்க்கிற கவனத்தில் அடக்கிவைக்க மறந்து விழுங்கிவிட்டாள்! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. கிண்ணத்தோடு குதித்தும் விட்டேன்.

அன்று முதல் கோச்சிக்கு ஒரு வாய். ரயில் ஓட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியாத அளவுக்கு எனக்கு ரயில்களைத் தெரிந்துபோயிற்று. எது நிற்கும், எது நிற்காமல் பறக்கும், எந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் என்றெல்லாம் சொல்வேன். இரண்டு ஒன்றாக வந்தால் இரண்டு வாய், அது எனக்குப் பெருநாள். காலையில் வேலைக்குப் போகிறவர்களின் ரயில்கள் அடுக்கடுக்காக வரும், அப்போது பிள்ளை நன்றாகச் சாப்பிடுவாள். மத்தியானத்தில் ரயில்கள் மெலிந்துவிடும், சோறும் கிண்ணத்தில் காய்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை திருத்துகிறோம் என்று ரயிலை நிறுத்துவார்கள். அன்று எங்கள் வீட்டில் பட்டினிதான். ஆனாலும் நான் பெருமையோடுதான் இருந்தேன். ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா!

தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருந்த மனைவியின் அக்காவுக்கு என் கண்டுபிடிப்புப் பிடிக்கவில்லை. அவவுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் பூசணிக்காய் மாதிரி. அதனால் பிள்ளை வளர்ப்பில் அவ சொன்னதுதான் சட்டம். ஞாயிறு தோறும் போன் எடுத்து டொக்டர் மாதிரி விசாரிப்பா. ஓமத்தண்ணி கொடுத்ததா, பின்னேரத்தில் வாழைப்பழம் கொடுக்கவில்லையே, குளிருக்குக் காலில் மேஸ் மாட்டியதா, உச்சிக்கு எண்ணெய் வைத்ததா. நான் எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பேன். ஒரு முறை போனில் சொல்லி அலுத்துப்போய் பஸ்ஸும் ரயிலும் மாறி நேரிலேயே வந்து இறங்கிவிட்டா. கைப்பையில் செத்தல் மிளகாய், கடுகு, உப்பு.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இது வயித்துக் கோளாறில்லை. நாவூறு. நீங்கள் ஜன்னலிலை வைச்சு ஊருக்கெல்லாம் காட்டிச் சோறு தீத்தினால் கண்படாமல் என்ன செய்யும்?"

பிள்ளையைச் சுற்றிக் கழித்து, மிளகாயை அடுப்பில் கொதிக்கிற தாச்சிச் சட்டியில் போட்டா. நாவூறு இருந்தால் மிளகாய் மணக்காதாம். அது மணந்தது மட்டுமில்லை, எங்கள் தொண்டையைப் பிடுங்கி எடுத்தது. கூரையில் இருந்த புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கீழ்க் கடைக்காரர் ஒரு வாளி தண்ணீரோடு படியேறி ஓடி வந்தார். நெருப்பு இல்லை என்று தெரிந்ததும் போகவேண்டியதுதானே? வாளியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கிச்சடி கொடுத்துப் பாருங்கள் என்று அவரும் ஓர் ஆலோசனை சொன்னார். மகளுக்கு இந்தக் கூத்து மிகவும் பிடித்துவிட்டது. கைதட்டிச் சிரித்தாள். வாய் அவ்வளவு பெரிதாகத் திறந்திருந்ததைப் பார்த்து நான் கிண்ணத்தை எடுத்து வருவதற்குள் மூடிக்கொண்டாள்.

அடுத்த ஆலோசனை வெள்ளைக்காரப் பெண்ணிடமிருந்து வந்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு வந்து பார்த்துப்போகும் தாதி அவர், ஹெல்த் விசிட்டர் என்பார்கள். மகளை நிறுத்துப் பார்த்தார், அவளோடு தரையில் உருண்டு விளையாடினார், பிறகு என்னிடம் சொன்னார்: "குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள். மெல்லிய உடம்பு, அவ்வளவுதான். தட்டை அவள் முன்னால் வையுங்கள். கெஞ்சவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். பசித்தால் அவளே சாப்பிடுவாள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பசித்தால் சாப்பிடுவாளாம்! எங்கள் ஆட்கள் பிள்ளையின் பசியைப் பிள்ளையிடம் விட்டுவைக்கிற வழக்கம் இல்லை. அது தாய் தகப்பனின் பசி. இருந்தாலும் அவர் முகத்துக்காக ஒரு நாள் செய்து பார்த்தேன். பேப்பர் விரித்துத் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் கைகட்டிக்கொண்டு காவல்காரன் மாதிரி நின்றேன். மகள் பொம்மைக்குக் கொஞ்சம் ஊட்டினாள். மிச்சத்தைப் பேப்பரில் பரப்பி மெழுகினாள். நான் தட்டை எடுத்தபோது ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை அவமதித்ததில்லை.

இதெல்லாம் சிரிப்புக் கதையாகவே போயிருக்கும். ஆனால் கோடை வருவதற்கு முன் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் நேர்சரி இடம் கிடைத்தது. முழுநாள் இடம்! பெட்ரோல் ஸ்டேஷன் மனேஜரும், இலையுதிர் காலத்தில் பகல் ஷிப்ட் ஒன்று காலியாகிறது, வேண்டுமென்றால் உனக்குத்தான் என்றார். நான் அந்தச் செய்தியைக் கதவடியில் மனைவிக்குச் சொன்னபோது அவள் கோட்டின் ஒரு கையைப் போட்டபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்ப பின்னேரத்திலை மூண்டு பேரும் வீட்டிலை இருப்பமோ?"

"ஓமப்பா, இருப்பம்!"

அவள் கண் கலங்கிவிட்டது. அன்று ரயிலைத் தவறவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நேர்சரியைப் பார்க்கப் போனபோது ரீச்சர் எங்கள் சந்தோஷத்தில் ஒரு கல்லைப் போட்டார். உயரமான பெண், பின்னிய தலைமுடி, அறை முழுக்கக் கேட்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் சொன்னார்: "மத்தியானச் சாப்பாட்டை உங்கள் மகள் இருந்து தானே சாப்பிட வேண்டும். இத்தனை பிள்ளைகளுக்கு எங்களால் ஊட்ட முடியாது. அது வரவில்லை என்றால் சாப்பாட்டு நேரத்துக்கு முன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அரைநாள் இடம் தருகிறோம்." அரைநாள் என்றால் பகல் ஷிப்ட் இல்லை. பகல் ஷிப்ட் இல்லை என்றால் மறுபடியும் கதவடி. ஒரு கரண்டியில் எங்கள் குடும்பம் தொங்கியது. நேர்சரி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். மைதானமும் மரமும்தான் தெரிந்தன. ரயில் பாதை இல்லை.

அதன் பிறகு நான் வெறி பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன். பூப் போட்ட கரண்டி வாங்கினேன், முயல் படம் போட்ட தட்டு வாங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கரண்டியைக் கையில் கொடுத்தால் ஜன்னல் கண்ணாடியில் தாளம் போட்டாள். கோச்சி வந்தால் வாயைத் திறந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரிக் காத்திருந்தாள்.

அப்போதுதான் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

முதல்நாளே செய்தியில் சொன்னார்கள்தான். ஆனால் அதை நான் என் வீட்டுச் சோற்றோடு சேர்த்து யோசிக்கவில்லை. காலையில் வேலை முடிந்து வந்தேன், மனைவி பஸ்ஸிலாவது போய்ப் பார்க்கிறேன் என்று ஓடினாள், நான் கிண்ணத்தோடு பிள்ளையை ஜன்னலில் இருத்தினேன். வெளியே ஒரு சத்தம் இல்லை. தண்டவாளங்கள் வெயிலில் வெறுமனே மினுங்கின. ஒரு புறா அதன் நடுவில் நடந்து திரிந்தது.

"கோச்சி எங்கை?"

"கோச்சி இண்டைக்கு நித்திரை, குஞ்சு. நீங்கள் ஆ காட்டுங்கோ."

"கோச்சி எழும்பட்டும்."

காலைச் சாப்பாடு வீணாய்ப் போயிற்று. பத்து மணிப் பாலும் போயிற்று. மத்தியானச் சோற்றை மசித்து எடுத்து வந்தேன். இனி என்ன வெட்கம்? நானே ரயிலாகிவிட்டேன். கிண்ணத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, "கூ" என்று கூவி, கடகட என்று காலை உதைத்து, குசினியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடினேன். திரும்பி வேகமான ரயிலாக ஓடினேன். பிறகு எதிர்ப்பக்கத்து ரயிலாக ஓடினேன். மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அப்பா கோச்சி இல்லை" என்றாள். சொல்லிவிட்டுப் புறாவைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவி. வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய நின்றாள். எந்த பஸ்ஸும் நிறுத்தவில்லையாம். வெம்பிளி முழுக்க பஸ் தரிப்பிடத்தில்தான் நிற்கிறதாம். காத்துக் காத்துக் கால் நோகத் திரும்பிவிட்டாளாம்.

"சிரியும், சிரியும்" என்று கத்தினேன். "விடியத் தொடங்கி ஒரு பருக்கை உள்ளை போகேல்லை. நேர்சரியும் இல்லை, பகல் ஷிப்டும் இல்லை, நான் சாகும்வரைக்கும் பெட்ரோல்தான் அடிக்கப்போறன்!" கிண்ணத்தை மேசையில் டொக்கென்று வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வரும். அன்றும் வந்தது.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"எப்ப சாப்பிடுறது?"

"நேற்றைக்கு?"

யோசித்துப் பார்த்தேன். வேலையிடத்தில் ஒரு பக்கெட் சிப்ஸ். அவள் கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவினாள். வேலை நாள் ஒன்றின் மத்தியான வெளிச்சத்தில் அவள் அந்தக் குசினியில் நின்று நான் பார்த்தது எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. முதல்நாள் சோறு இருந்தது. மீன்குழம்பு அடியில் கொஞ்சம், பருப்புக் கொஞ்சம், கத்தரிக்காய்ப் பால்கறி கொஞ்சம். எல்லாவற்றையும் மீன்குழம்புச் சட்டிக்குள் போட்டு, பொரித்த மிளகாய் இரண்டை நொறுக்கிப் போட்டு, கையால் பிசைந்தாள். குழையல்! யாழ்ப்பாணத்து வீடுகளில் மிஞ்சிய சோறு கறியை இப்படிச் சட்டியோடு குழைத்து, உருட்டி, சுற்றியிருக்கிறவர்களின் கையில் கையில் வைப்பார்கள். தட்டே கிடையாது. மேசையில் துவைத்த துணி மலை போலக் கிடந்தது. தரையில் சட்டியை நடுவில் வைத்து இருவரும் இருந்தோம்.

முதல் உருண்டை என் உள்ளங்கையில் விழுந்தது. வாயில் வைத்தேன். அட கடவுளே! உறைப்பும் புளிப்பும் நெத்தியில் அடித்தன. இன்னொன்று, இன்னொன்று என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவளும் சாப்பிட்டாள். பஸ் தரிப்பிடத்தில் ஒரு தொப்பிக்காரர், நிறுத்தாமல் போகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் போட்டாராம், அவர் மாதிரி நடித்துக் காட்டினாள். எனக்குப் புரைக்கேறியது. நாங்கள் இருவரும் இப்படி இருந்து கதைத்து, சிரித்து, ஒரு சட்டியில் சாப்பிட்டது கடைசியாக எப்போது? சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளை ஒன்று இருக்கிறது என்பதையே நாங்கள் மறந்துவிட்டோம்.

எங்கள் இருவரின் தோள்களுக்கும் நடுவால் ஒரு சின்னக் கை நீண்டது. உள்ளங்கை விரிந்திருந்தது.

"எனக்கு?"

நான் துள்ளி எழும்பப் பார்த்தேன். மனைவி என் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே! "பேசாமல் இருங்கோ" என்று பல்லுக்குள்ளால் சொன்னாள். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், எனக்கு வைத்த மாதிரியே, ஆனால் சின்னதாக, ஓர் உருண்டையை அந்தக் கையில் வைத்தாள். மகள் எங்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு இருந்தாள். உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டாள். மென்றாள். மென்றாள்! கன்னத்தில் அடக்கவில்லை! "உறைக்குது" என்றாள். மூக்கால் வடிந்தது. தண்ணீர் குடித்தாள். மறுபடியும் கையை நீட்டினாள்.

அவளுக்கு உறைப்பு ஆகாது, மீன்முள் மாட்டிவிடும், புளி சேராது என்று எத்தனை பாடம் படித்து வைத்திருந்தேன்! அத்தனையும் அந்தச் சட்டியோடு போயிற்று. கடைசி உருண்டையில் எனக்குப் பாதி தந்தாள். தானாக, பிய்த்து, என் வாயில் வைத்தாள். அப்போது நான் அழுததைக் கோபம் என்று சொல்ல முடியாது.

பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் சாப்பிட்டு மகள் பார்த்ததே இல்லை! பிள்ளைக்கு முதலில் கொடு, பிறகு நீ சாப்பிடு என்பது எங்கள் ஆட்களின் சட்டம். நான் அவளை நித்திரையாக்கிவிட்டு அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டு படுப்பேன். மனைவி பகலில் கன்டீனில் சாப்பிடுவாள், மாலையிலும் லீவு நாளிலும் பிள்ளையைப் படுக்கவைத்த பிறகு சாப்பிடுவாள். ஆக, சாப்பாடு என்பது நகம் வெட்டுவது, மூக்குக்கு மருந்து விடுவது மாதிரி, பெரியவர்கள் பிள்ளைகளைப் பிடித்துவைத்துச் செய்கிற ஒரு வேலை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். மனுசர் ஆசையோடு செய்கிற காரியம் என்று யார் அவளுக்குக் காட்டினார்கள்? ஒருவரும் காட்டவில்லை. எத்தனை பேர் எத்தனை ஆலோசனை சொன்னார்கள், இதை மட்டும் யாரும் கேட்கவில்லையே!

கை கழுவக்கூட இல்லை, மிச்சம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, பிள்ளை சாப்பிட்டிட்டாள்! தன்ரை கையாலை! மீன்குழம்பு!"

"நான் அண்டைக்குக் கழிச்ச நாவூறு இப்பதான் வேலை செய்யுது, தம்பி" என்றா. நான் மறுக்கவில்லை. அன்று யார் எதைச் சொல்லியிருந்தாலும் ஓம் என்றிருப்பேன்.

மறுநாள் ரயில்கள் ஓடத் தொடங்கின. மனைவியும் வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் மேசைப் பக்கமே போகவில்லை. தரையில் இரண்டு தட்டு வைத்தேன், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்து சாப்பிடத் தொடங்கினேன். அவளைப் பார்க்கக் கூடாது என்று பற்களைக் கடித்துக்கொண்டேன். கடகடவென்று நிற்காத ரயில் ஒன்று போயிற்று. என் கை அந்தரத்தில் நின்றது. "கோச்சி போகுது" என்றாள் மகள், அடுத்த வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த மீனைத் தொட்டாள்.

அந்தக் கோடை முழுவதும் நான் நித்திரையைப் பிறகு வைத்துக்கொண்டு அவளோடு இருந்து சாப்பிட்டேன். அவளைவிட எனக்குத்தான் உடம்பு வைத்தது. வேலையிடத்தில் பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டி வந்தது. ஆனால் நேர்சரி நெருங்க நெருங்கப் பழைய பயம் வேறு முகத்தோடு வந்தது. இங்கே நான் இருக்கிறேன், சாப்பிடுகிறாள். அங்கே யார் இருப்பார்கள்? உறைப்பும் இல்லை, குழையலும் இல்லை, அவித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும். மனேஜர் முதல் நாள் முடிந்ததும் பதில் சொல் என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் அந்த ஷிப்ட்டை வைத்திருக்க முடியாதாம்.

முதல் நாள் அவளை விட்டுவிட்டு வந்து வீட்டில் படுத்தேன். கண் மூடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எழும்பிப் போய்ப் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றேன். கூப்பிடுவார்கள், வந்து கூட்டிப்போ என்பார்கள் என்று காத்து நின்றேன். ஒருவரும் கூப்பிடவில்லை. விடுகிற நேரம் வந்தது, பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரீச்சர் நேராக என்னை நோக்கி வந்தார். சிரிக்கவில்லை.

"உங்களோடு ஒரு நிமிடம் கதைக்க வேண்டும்" என்றார். "சாப்பாட்டைப் பற்றி."

"சாப்பிடவில்லையா?"

"சாப்பிட்டாள். எல்லாவற்றையும் சாப்பிட்டாள். ஆனால் என்னைச் சாப்பிடவைத்த பிறகுதான் சாப்பிட்டாள்." அப்போதுதான் அவருக்கு அந்தப் பெரிய சிரிப்பு வந்தது. "தட்டைத் தொடவே மாட்டேன் என்றாள். பக்கத்துக் கதிரையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். சரி என்று அதில் இருந்தேன். உருளைக்கிழங்கில் பாதியை என் முன்னால் வைத்தாள். நான் ஒரு வாய் சாப்பிட்டதும் தன் கரண்டியை எடுத்தாள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் சாப்பாட்டு நேரத்தில் கதிரையில் இருந்ததே இல்லை. நாளைக்கு எனக்கும் ஒரு சாண்ட்விச் கொண்டு வரப்போகிறேன்."

நான் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்காமல் விட்டது எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்று கேட்டேன்.

"ஏன் குஞ்சு ரீச்சரை இருத்திச் சாப்பிடச் சொன்னனீங்கள்?"

"அவ நிண்டுகொண்டே நிண்டவ, அப்பா" என்றாள் மேலிருந்து. "முந்தி நீங்கள் நிண்ட மாதிரி. பசிக்குமெல்லோ, பாவம்."

வீட்டுக்குப் போனதும் மனேஜருக்குப் போன் எடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை மாலை மனைவி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, அங்கே கோட்டுப் போட்டுக்கொண்டு நான் நிற்கவில்லை. அவள் உள்ளே வந்து குசினியை எட்டிப் பார்த்தாள். தரையில் மூன்று தட்டு. இரண்டுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம். மகள் மூன்றாவது தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள்.

"அம்மா, கோட்டைக் கழட்டிப்போட்டு இருங்கோ. சோறு ஆறுது."